பக்கத்து மேசையில் பனி பெய்கிறது

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் சுந்தரபாண்டியபுரத்துக்கும் ஒரு சீசன் வந்துவிடும். வயல்களில் சூரியகாந்தி பூத்து நிற்கும். செங்கோட்டை வழியாகக் கேரளக் கார்கள் வரிசை கட்டும். புதுமணத் தம்பதிகள் பூவுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு படம் எடுப்பார்கள். அப்படியே ஊர்ப்பக்கத்து 'அந்நியன் பாறை'யையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போவார்கள். 2005-ல் வந்த ஷங்கர் படத்தின் ஒரு பாட்டுக்காக நடிகர்களின் முகங்கள் வரையப்பட்ட பாறை அது.

தமிழ் சினிமாவுக்குக் காதல் என்றால் இந்த மாதிரி ஓர் ஊர் வேண்டும். வயல், வரப்பு, மலை, கொஞ்சம் தூறல். அதோடு பாட்டு ஒன்று இருந்தால் பாதிக் காதல் முடிந்த மாதிரி.

ஆனால் ஊர் மாறிக்கொண்டிருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் ஒரு மென்பொருள் அலுவலகமே இயங்குகிறது. வங்கி, இ-சேவை மையம், ஜவுளிக்கடை பில் கவுன்டர், தனியார் மருத்துவமனை வரவேற்பறை என்று தினமும் காலையில் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறும் இளைஞர்களும் இளம்பெண்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வரும் காதல் வயல்வெளியில் வருவதில்லை. பக்கத்து நாற்காலியில் வருகிறது. இந்தக் காதலில் ஒரு சிக்கல் உண்டு. வயலில் பாட்டுப் பாடி, அவள் முறைத்தால் வேறு வரப்பில் நடந்து போய்விடலாம். அலுவலகத்தில் நாளைக்கும் அதே நாற்காலி, அதே முகம்.

இந்தச் சிக்கலை வைத்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்கக் கதை சொல்வதில் ஜப்பானிய அனிமேக்காரர்கள் கெட்டிக்காரர்கள். இந்த வாரத் தொடர் அப்படி ஒன்று.

பனிக்காரனும் பக்கத்து மேசைக்காரியும்

'தி ஐஸ் கை அண்ட் ஹிஸ் கூல் ஃபீமேல் கலீக்' என்பது பெயர். 2023 ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்த 12 பகுதிகள். மியுகி டோனோகாயா வரைந்த படக்கதைதான் மூலம்.

நாயகன் ஹிமுரோ சாதாரண அலுவலக ஊழியன். ஆனால் அவன் வம்சத்தில் ஒரு பனிப்பெண் இருந்திருக்கிறாள். ஜப்பானியப் பாட்டிக் கதைகளில் 'யுகி ஒன்னா' என்று வரும் பனிமோகினி. அந்த ரத்தம் இவனிடம் வேலை காட்டுகிறது. மனசு கொஞ்சம் அசைந்தால் போதும், சுற்றிலும் பனி கொட்டும். சந்தோஷம் வந்தால் பனி, பதற்றம் வந்தால் பனி, வெட்கம் வந்தால் பனிப்புயல்.

அவனுடன் வேலை பார்ப்பவள் ஃபுயுட்சுகி. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாதவள். பார்ப்பவர்கள் அவளை ரொம்பவும் விறைப்பு என்று நினைப்பார்கள். ஆனால் யாருக்கு என்ன தேவை என்று கவனித்து, சத்தமில்லாமல் உதவுகிறவள். ஹிமுரோ என்றால் பனிக்கட்டி சேமிக்கும் அறை, ஃபுயுட்சுகி என்றால் குளிர்கால நிலா என்று அர்த்தம். பெயரிலேயே இருவருக்கும் பொருத்தம் பார்த்துவிட்டார்கள்.

அவள் ஓர் உதவி செய்வாள். அவன் உருகிப்போவான், அதாவது உறைந்துபோவான். அலுவலகமே குளிரில் நடுங்கும். அவளுக்கு மட்டும் விஷயம் பிடிபடாது. இவ்வளவுதான் கதை. வில்லன் கிடையாது, அடிதடி கிடையாது, இடைவேளைத் திருப்பமும் கிடையாது.

இதை நடிகர்களை வைத்து எடுத்தால் பாதி கெட்டுப்போகும். மனசுக்குள் நடப்பதைக் காட்ட நாயகன் முகத்தைக் கோண வேண்டும், இல்லாவிட்டால் சுவிட்சர்லாந்து போய்ப் பாட வேண்டும். கார்ட்டூனில் அந்தச் செலவு இல்லை. மனசுக்குள் இருப்பது அப்படியே பனியாக மேசை மேல் விழுகிறது. மறைக்கவும் முடியாது, மழுப்பவும் முடியாது. காதலித்த யாருக்கும் இந்த அவஸ்தை தெரியும். தான் ரகசியமாக வைத்திருப்பதாக அவன் நினைத்துக்கொண்டிருப்பான். கேன்டீனில் டீ ஆற்றுகிறவர் வரைக்கும் தெரிந்திருக்கும்.

அண்ணா என்றொரு வேலி

ஜப்பானிய அலுவலகத்தில் ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்பதே பெரிய சாஸ்திரம். 'ஹிமுரோ-குன்', 'ஃபுயுட்சுகி-சான்' என்று பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருக்கும். சேர்ந்த தேதியில் மூத்தவர் என்றால் 'சென்பாய்'. அந்த வால் மாறினால் உறவு மாறுகிறது என்று பொருள்.

நம்மூர் சாஸ்திரம் இதற்குக் குறைந்ததல்ல. வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு பெண், பக்கத்து மேசைக்காரரை 'அண்ணா' என்று கூப்பிட்டால் அது மரியாதை மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத வேலி. 'சார்' என்றால் தூரம் அதிகம். 'ப்ரோ' என்றால் ஆபத்தில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பக்கத்து மேசையில் பனி பெய்யத் தொடங்கும். மூன்று மாதம் 'அண்ணா' போட்டவள் ஒரு நாள் எதுவுமே போடாமல் 'அந்த ஃபைலைக் கொஞ்சம் தாங்க' என்றால், வாங்குகிறவனுக்கு அன்று ராத்திரி தூக்கம் போச்சு!

போனது தப்பான தூக்கமாகவும் இருக்கலாம். அவசரத்தில் அவள் அண்ணாவை விட்டிருப்பாள், அவ்வளவுதான். அலுவலகக் காதலில் முக்கால்வாசிச் சிரிப்பும் முக்கால்வாசி வம்பும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. அன்பாக இருப்பது வேறு, காதலிப்பது வேறு. கொடுப்பவருக்கு அது தெரியும். வாங்குபவருக்குத்தான் குழம்பும்.

ஜப்பானில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. பிப்ரவரி 14 அன்று பெண்கள் உடன் வேலை பார்க்கும் ஆண்களுக்குச் சாக்லேட் தருவார்கள். அதற்குப் பெயர் 'கிரி சோகோ', கடமைச் சாக்லேட். காதலிப்பவருக்குத் தருவது தனி. வாங்கியவர்கள் மார்ச் 14-ல் பதிலுக்கு ஏதாவது தர வேண்டும். பெண்களுக்கு இது வீண் செலவாகவும் தலைவலியாகவும் ஆகிவிட்டதால், 2018-ல் கோடிவா என்கிற சாக்லேட் நிறுவனமே 'கடமைச் சாக்லேட்டை நிறுத்துவோம்' என்ற பொருளில் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தது. சாக்லேட் விற்பவரே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் போயிருக்கிறது. நம் அலுவலகங்களில் ஆயுத பூஜைக்குப் பொரி கடலைப் பொட்டலம் வாங்கிய யாரும் அதைக் காதல் கடிதமாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த வகையில் பொரி பாதுகாப்பானது.

கேட்டது யாரிடம்?

இந்த வகைத் தொடர்களில் முன்னால் வந்து பேர் வாங்கியது 'வோட்டகோய்'. ஃபுஜிடாவின் படக்கதையிலிருந்து 2018-ல் 11 பகுதிகளாக வந்தது. நாயகி நருமிக்கு அனிமே, படக்கதைப் பைத்தியம். முந்தைய அலுவலகத்தில் காதலனுக்கு அது தெரிந்து காதல் முறிகிறது. வேலையையும் விட்டுவிட்டுப் புது இடத்தில் சேர்கிறாள். அங்கே பார்த்தால் பள்ளிக்கால நண்பன் ஹிரோடாகா. வீடியோ கேம் பைத்தியம். ஒருநாள் வேலை முடிந்து சாப்பிட உட்கார்ந்த இடத்தில், காதல் தனக்குச் சரிப்பட்டு வராது என்று அவள் புலம்ப, அப்படியென்றால் என்னோடு பழகிப் பார்க்கலாமே என்று அவன் சாதாரணமாகக் கேட்கிறான். விளையாட்டில் அவளுக்கு உதவுவேன் என்பதையும் ஒரு தகுதியாகச் சேர்த்துக்கொள்கிறான். துரத்தவில்லை, மிரட்டவில்லை. கேட்டான். பதில் சொல்ல அவளுக்கு இடம் இருந்தது.

இதைப் பார்த்துவிட்டு 'ரோஜா'வை நினைத்துப் பார்க்கலாம். 1992-ல் வந்த மணிரத்னம் படம். கதையில் ரோஜாவின் ஊர் சுந்தரபாண்டியபுரம். பட்டணத்திலிருந்து வரும் மாப்பிள்ளை அக்காவைப் பெண் பார்க்க வருகிறார். வேறொருவரை விரும்பும் அக்கா, தன்னை வேண்டாம் என்று சொல்லிவிடும்படி தனியாகக் கேட்கிறாள். அவர் அதைக் காது கொடுத்துக் கேட்கிறார், அவளைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறார். அருமையான மனிதர். அடுத்த நிமிஷம் கூடத்துக்கு வந்து தங்கையைப் பிடித்திருக்கிறது என்கிறார். அக்காவின் 'வேண்டாம்' அவர் காதில் விழுந்தது. தங்கையிடம் யாரும் கேட்கவேயில்லை. அந்தக் காலத்தில் தியேட்டரில் இதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இன்று வேலைக்குப் போகும் ரோஜாக்கள் கவனிப்பார்கள்.

தமிழில் அலுவலகக் காதலுக்கு 2008-ல் வந்த 'யாரடி நீ மோகினி' நல்ல உதாரணம். நாயகி வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்திலேயே நாயகனும் சேருகிறான். காதலைச் சொல்கிறான். அவளோ வேறு இடத்தில் நிச்சயமானவள், மறுக்கிறாள். பேச்சு அதோடு நிற்பதில்லை. மகனுக்காக அப்பா போய்ப் பேசுகிறார், அவமானப்பட்டுத் திரும்புகிறார், கதை சோகத்தில் விழுகிறது. படம் நன்றாகவே ஓடியது. ஆனாலும் வீட்டில் பேசிப் பார்க்க ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அவள் முதல் தடவை சொன்ன 'இல்லை' ஏன் போதவில்லை?

வேலையிடத்தில் இந்தக் கேள்விக்கு எடை அதிகம். தெருவில் ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தெரு வழியாகப் போகலாம். அலுவலகத்தில் அவனைத் தவிர்க்க வேண்டுமானால் வேலையை விட வேண்டியிருக்கும். அதுவும் மேலதிகாரி கேட்டால், 'சரி' என்று வரும் பதில் மனசிலிருந்து வந்ததா, பயத்திலிருந்து வந்ததா என்று கேட்டவருக்கே தெரியாது.

அதனால்தான் சட்டமும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. 1997-ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல்கள் தந்தது. 2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் எந்த இடத்திலும் ஒரு பெண் அதிகாரி தலைமையில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய கடை, அலுவலகம் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் அவகாசம் உண்டு. ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கும் இது பொருந்தும்.

சட்டம் காதலைத் தடுக்கவில்லை. விரும்பாதவரை விடாமல் தொடர்வதைத்தான் தடுக்கிறது. ஹிமுரோவை எந்தக் குழுவும் கூப்பிட்டு விசாரிக்காது. அவன் பனி அவனைத்தான் உறைய வைக்கிறது.

தொடரில் இல்லாத ஒன்று

குறை ஒன்று உண்டு. இந்த ஜப்பானியக் கதைகளில் வீடு கிட்டத்தட்ட கிடையாது. வேலை முடிந்தால் ரயில் ஏறித் தனித்தனி அறைக்குப் போய்விடுகிறார்கள். நம்மூரில் ஆறு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் இருவர் சேர்ந்து சோடா குடித்தால், ஆறரைக்குள் செய்தி இரண்டு வீட்டுக்கும் போயிருக்கும். 'எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை' என்ற கேள்வி அதற்குப் பின்னாலேயே வரும். அந்தக் கேள்விக்குள் இன்னும் பல கேள்விகள் ஒளிந்திருக்கும். இங்கே பக்கத்து மேசையைத் தாண்டிய பிறகுதான் பாதிக் கதை தொடங்குகிறது. அதையும் சேர்த்து, அழ வைக்காமல் ஒரு தமிழ் கார்ட்டூன் தொடர் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதற்கான வயலும் சாரலும் தென்காசியில் தயாராகவே இருக்கின்றன. அலுவலகமும் வந்தாயிற்று.

அதுவரைக்கும் பனிக்காரனைப் பார்க்கலாம். கிரஞ்சிரோல் தளத்தில் வெளியான தொடர் இது. ஒரு பகுதி 25 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். தாத்தா முதல் பேத்தி வரை சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம், நெளிய வேண்டியிருக்காது. விறுவிறுப்பு வேண்டும் என்பவர்களுக்கு இது ஆகாது, கதை நிதானமாகத்தான் நகரும்.

பார்த்து முடித்ததும் வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் 'உங்க ஆபீஸ்ல எல்லாரும் எப்படிப்பா?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அதிகம் தோண்ட வேண்டாம். பனி பெய்கிறதா என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும்.