பட்டியலில் இல்லாத தோட்டம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. போனை சார்ஜில் போட்டுவிட்டு வாசித்தாலும் பரவாயில்லை, முழுசாக வாசியுங்கள்.

ஒன்லைன் படிவங்களில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும். அழுத்தினால் ஒரு பட்டியல் கீழே விரியும். அதில் இருப்பதில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும், நாமாக ஒன்றும் எழுத முடியாது. ட்ரொப்டவுன் என்று சொல்கிறோமே, அதுதான். புலமைப்பரிசில், வேலை விண்ணப்பம், வங்கிக் கணக்கு, நிவாரணம் என்று எதைத் தொட்டாலும் இப்போது இந்தப் பட்டியல் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியலை யார் எழுதுகிறார்கள், நம் ஊர் அதில் இருக்கிறதா என்று நாம் கேட்பதே இல்லை. கொமினிகேஷன் கடைத் தம்பியிடம் ஐம்பது நூறு ரூபாயைக் கொடுத்து "நீயே போட்டுவிடு தம்பி" என்று வந்துவிடுகிறோம். அந்தத் தம்பி பாவம், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, பட்டியலில் எது கிட்டத்தட்டப் பொருந்துகிறதோ அதை அழுத்துகிறார்.

கிட்டத்தட்டப் பொருந்துவது என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். உயர்தரத்துக்குத் தெரிவான ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள். முகவரிப் பட்டியலில் தோட்டத்தின் பெயர் இல்லை. பக்கத்து டவுன் இருந்தது, அதைப் போட்டார்கள். நேர்முகத்துக்கான கடிதம் டவுன் முகவரிக்குப் போய், அங்கே சுற்றி, தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து லயத்துக்கு வரும்போது நேர்முகம் முடிந்து பதினொரு நாள். பிள்ளையின் புள்ளிகளில் ஒரு குறையும் இல்லை.

இது கணினிக் காலத்துப் பிரச்சினை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். மலையகத்தின் சரித்திரத்தில் படிவம் என்ற சொல்லுக்கே ஒரு பாரம் உண்டு. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்கள், 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வரும்வரை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்குத்தான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறையிடம் பிறந்த திகதியையும் தொடர்ந்து வசித்ததையும் கடதாசியில் நிரூபிக்கச் சொன்னார்கள். அந்தச் சட்டத்தின் பெயரில் 'பாகிஸ்தானிய' என்ற சொல்லும் இருக்கிறது என்பதை நம் முஸ்லிம் சகோதரர்கள் கவனிக்க வேண்டும். தோட்டத்து மக்களுக்கு மட்டும் நடந்த கதை என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

இனி இன்றைய பட்டியலுக்கு வருவோம்.

முதலில் இடம். நுவரெலியா மாவட்டத்தில் நீண்ட காலம் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள்தான்: நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த. இப்போது நோர்வூட், தலவாக்கலை, கொத்மலை மேற்கு, மதுரட்ட, நில்தண்டாஹின்ன ஆகியவை சேர்ந்து பத்து. ஆனால் எத்தனையோ படிவங்களில் இன்னமும் பழைய ஐந்துதான் விரிகிறது. பத்தும் இருக்கிற படிவத்தில் பெற்றார் பழக்கதோஷத்தில் பழையதைச் சொல்கிறார்கள். இந்தப் பட்டியல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டவை. மாவட்டத்தைத் தெரிந்தால்தான் பிரதேச செயலகம் விரியும், அதைத் தெரிந்தால்தான் கிராம உத்தியோகத்தர் பிரிவு விரியும். இரண்டாவதில் பிழைத்தால் மூன்றாவதில் உங்கள் பிரிவு வரவே வராது. கடைத் தம்பி அப்போதும் ஏதோ ஒன்றை அழுத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

'பிரிவு' என்ற சொல்லே நம் பக்கத்தில் ஒரு பொறி. கொழும்பில் பட்டியல் தயாரிப்பவருக்குப் பிரிவு என்றால் கிராம உத்தியோகத்தர் பிரிவு. தோட்டத்து அம்மாவுக்குப் பிரிவு என்றால் டிவிசன், அதாவது மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு. "பிரிவு என்னம்மா?" என்று கேட்டால் "கீழ்ப்பிரிவு சேர்" என்றுதான் பதில் வரும். அம்மா சொன்னது சரி. கேள்விதான் அரைகுறை. அடைப்புக்குறிக்குள் 'கிராம சேவகர் பிரிவு, தோட்ட டிவிசன் அல்ல' என்று ஒரு வரி போட எவ்வளவு செலவாகும்?

அடுத்தது தோட்டங்களின் பெயர். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்துவிட்டுப் போனார்கள். சென்கிளேயர், டெவன், ஹொலிரூட், கிரேட் வெஸ்டன். நம் ஆட்கள் வாய்க்கு வந்தபடி ஒரு பெயர், ஆபீஸ் பலகையில் ஒரு பெயர், பஸ் கண்டக்டர் கூவுவது இன்னொன்று. சென்கிளேயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் முழுச் சொல்லாக, சுருக்கமாக, புள்ளி வைத்து, புள்ளியில்லாமல் என்று நாலு விதம் வரும். கணினிக்கு அவை நாலு தோட்டம். ஆகவே பட்டியல் வேண்டாம், எல்லாவற்றையும் எழுதவே விடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பட்டியலுக்கு நியாயம் இருக்கிறது. நாலு விதமாக எழுதிய பெயர்களைப் பிற்பாடு உட்கார்ந்து ஒன்றாக்கிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். நாங்கள் சொல்வது, பட்டியல் என்று ஒன்று போட்டால் அது முழுமையாக இருக்க வேண்டும், முழுமையில்லாத இடத்தில் 'வேறு' என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

மொழிக்கும் வருவோம். 1987இன் 13ஆம் திருத்தத்தால் தமிழ் அரசகரும மொழியானது. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் 12 பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. அன்றிருந்த நுவரெலியா மாவட்டத்தின் ஐந்து பிரிவுகளும் அதில் அடக்கம். சட்டத்தில் இவ்வளவு இருக்கிறது. இணையத்தளத்தின் மேல் மூலையில் 'தமிழ்' என்ற பட்டனை அழுத்திப் பாருங்கள். பல இடங்களில் தலைப்பு மட்டும் தமிழாகும், உள்ளே விரிகிற பட்டியல் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ அப்படியே நிற்கும். தமிழில் இருந்தாலும் சொல் பட்டனுக்குள் அடங்காது. 'சப்மிட்' என்ற சொல்லுக்கு வெட்டிய பெட்டியில் 'சமர்ப்பிக்கவும்' எப்படி நுழையும்? பாதி தெரிந்து மூன்று புள்ளியோடு நிற்கும். வரிசை இன்னொரு கூத்து. ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கிய பட்டியலை அப்படியே தமிழாக்கினால் ஹட்டன் நடுவில் எங்கோ கிடக்கும். தமிழ் வரிசை தெரிந்தவர் கடைசியில் தேடுவார். 'அட்டன்' என்று எழுதிப் பழகியவர் முதலில் தேடுவார். மூன்று பேருக்கும் ஒரே ஊர்!

நம் போன்களிலும் இதே கதைதான். மொழிப் பட்டியலில் தமிழைத் தொட்டால் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாலு வரும். இலங்கையைத் தெரிந்தாலும் நாட்காட்டியில் 'ஆகஸ்ட்', 'அக்டோபர்' என்றே இருக்கும், 'ஓகஸ்ட்', 'ஒக்டோபர்' வராது. இந்தச் சொற்களை யூனிகோட் அமைப்பின் ஒரு தரவுத்தொகுப்பிலிருந்து எடுக்கிறார்கள். அதற்குத் திருத்தங்களை முன்வைக்கப் பொதுமக்களுக்கும் வழி இருக்கிறது. ஆர்வமுள்ள இளைஞர்கள் பார்க்கலாம். இது உயிர் போகிற விஷயம் இல்லை, அதனால் இத்தோடு விடுகிறோம்.

உயிர் போகிற இடம் 'இனம்' என்ற பட்டியல். 1911 குடிசன மதிப்பில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதலில் பிரித்தார்கள். அதற்கு முந்திய கணக்கில் எல்லாரும் தமிழர். நூறு வருடத்துக்கு மேலாக இந்த மண்ணில் பிறந்து இறந்தவர்களின் பிள்ளை இன்றும் 'இந்தியத் தமிழர்' என்ற வரியை அழுத்த வேண்டும், அல்லது 'இலங்கைத் தமிழர்' என்பதை அழுத்தி மலையகத்தின் கணக்கைக் குறைக்க வேண்டும். 2012இல் இந்தியத் தமிழர் நூற்றுக்கு நாலு பேரளவில் பதிவானதற்கு ஒரு காரணம் இந்த நெருக்கடி. 2024 மதிப்பில் 'மலையகத் தமிழர்' என்ற சொல்லும் பட்டியலுக்குள் வந்தது. பல வருடக் கோரிக்கை ஒரு வரியாக உள்ளே வந்தது. தனியார் படிவங்கள் பலவற்றில் அது இன்னும் வரவில்லை.

முஸ்லிம்களுக்கு வேறு சிக்கல். பிறப்புச் சான்றிதழில் 'இலங்கைச் சோனகர்'. பிள்ளைக்கு அந்தச் சொல்லே தெரியாது, தான் முஸ்லிம் என்றுதான் தெரியும். சில படிவங்களில் இனத்துக்கு 'முஸ்லிம்', சிலதில் 'சோனகர்', சிலதில் இரண்டுமில்லாமல் 'மற்றவை'. நம்மிடையே இருக்கிற மலாய்க் குடும்பங்களுக்குத் தனி வரி உண்டு, ஆனால் பள்ளிவாசல் படிவத்தில் அவர்களும் முஸ்லிம். இந்திய வம்சாவளி முஸ்லிம் குடும்பங்களோ, ஒரு காலத்தில் குடிசன மதிப்பில் 'இந்தியச் சோனகர்' என்று தனியாக எண்ணப்பட்டவர்கள், இப்போது அந்த வரியே இல்லை. சான்றிதழில் ஒன்று, படிவத்தில் ஒன்று என்று இருந்தால் சரிபார்ப்பவர் கோப்பை ஒதுக்கி வைப்பார். பிள்ளைகளின் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எடுத்து ஒரு தரம் பாருங்கள்.

அரசாங்கத்தின் பட்டியலை நாளைக்கே நாம் மாற்ற முடியாது. ஆனால் நம் டவுனிலேயே எத்தனை படிவங்கள் உருவாகின்றன! ஸகாத் குழு, பழைய மாணவர் சங்கம், கோவில் பரிபாலன சபை, மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம். எல்லாம் கூகுள் படிவம்தான். அவற்றைச் செய்கிறவர்கள் நம் தம்பிமாரும் தங்கச்சிமாரும். அவர்களுக்காகச் சில விஷயங்கள்.

கூகுள் படிவத்தில் ட்ரொப்டவுன் வகைக் கேள்விக்கு 'வேறு' என்ற கட்டம் போட முடியாது. வட்டங்களில் ஒன்றைத் தெரிகிற வகையில் போடலாம், அதில் 'வேறு' என்பதற்குப் பக்கத்தில் எழுதவும் இடம் வரும். எட்டுப் பத்துத் தெரிவுக்குள் அடங்குகிற கேள்விக்கு அதையே பயன்படுத்துங்கள். தோட்டப் பெயர் போல நீண்ட பட்டியலுக்கு ட்ரொப்டவுன்தான் வசதி, அப்போது 'என் தோட்டம் இதில் இல்லை' என்று கடைசி வரியாகச் சேர்த்து, அதைத் தெரிகிறவர் பெயரை எழுதுகிற தனிப் பகுதிக்குப் போகும்படி அமையுங்கள். விடைக்கு ஏற்ற பகுதிக்குச் செல்லும் வசதி அந்தக் கேள்வியின் மூன்று புள்ளி மெனுவில் இருக்கிறது. எக்செலில் பட்டியல் வைப்பவர்கள், இல்லாததை எழுதினால் முற்றாக மறுக்கும்படி விடாமல், எச்சரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளும்படி மாற்றலாம். இரண்டு நிமிட வேலை.

வேறு மென்பொருளில் செய்கிறவர்கள் முதல் வரியைக் கவனியுங்கள். பட்டியலின் முதல் பெயர் தானாகவே தெரிவாகி நிற்கும்படி விட்டால், தொடாமல் போகிறவர்கள் எல்லாரும் அந்த ஊர்க்காரர் ஆகிவிடுவார்கள். 'தெரிவு செய்க' என்று ஒரு வெற்று வரி முதலில் நிற்கட்டும்.

இனம், மதம் இரண்டையும் கேட்கத்தான் வேண்டுமா? பிள்ளைக்குக் கொப்பி வாங்கிக் கொடுக்க இனம் எதற்கு? பழைய படிவத்தைப் பிரதி எடுத்ததால் வந்த கேள்வியாக இருந்தால் அதை அழித்துவிடுங்கள். ஸகாத் படிவத்தில் மதம் தேவை, ஒப்புக்கொள்கிறோம். இரத்ததான முகாமுக்கும் கிரிக்கெட் போட்டிக்கும் எதற்கு என்று எவராவது விளக்கினால் கேட்கத் தயார்.

'வீதி, வீட்டிலக்கம்' என்ற கட்டத்தைக் கட்டாயமாக்காதீர்கள். லயத்தில் எத்தனை வீட்டுக்கு இலக்கம் இருக்கிறது? சிவப்பு நட்சத்திரத்தைப் பார்த்துப் பயந்து மக்கள் சைபர் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஹட்டன், நோர்வூட், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்கள், அவற்றின் டிவிசன்கள், எந்தப் பிரதேச செயலகம், எந்தக் கிராம சேவகர் பிரிவு என்பதைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே அட்டவணையாக்கும் வேலையை நாங்கள் சில ஆசிரியர்கள் இந்த விடுமுறையில் தொடங்குகிறோம். யார் படிவம் செய்தாலும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், காசு வேண்டாம். உங்கள் தோட்டத்தைக் கீழே எழுதிவிடுங்கள். ஆபீஸ் பலகையில் இருக்கிற பெயரையும், வீட்டில் அப்பாயி, அம்மாயி சொல்கிற பெயரையும் இரண்டையும் எழுதுங்கள்.