கவாத்துக்கு மட்டுமா கூலி?

தேவனஹள்ளி, சிக்கபள்ளாப்பூர் பக்கம் திராட்சைக் கொடி கிளை கிளையாகக் காய்ந்தால் உரத்தைக் குறை சொல்கிறார்கள். இல்லையேல் கத்திரி பிடித்த கூலியாளை. அக்டோபர் கவாத்தின்போது மழை பெய்தால் பூஞ்சாண வித்துகள் தெறித்து, ஆறாத வெட்டுவாயில் இறங்கிவிடும். கட்டைக்குள் பழுப்பு ஆப்புபோல் அரித்துக் கிளை பட்டுப்போகச் சில வருஷங்கள்கூட ஆகும்.

மருந்து பழையதுதான். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, தனித்தனியே 5 லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கலந்தால் போர்டோ பசை. வெட்டிய அன்றே பூச வேண்டும். ஏக்கர் கணக்கில் கூலி பேசினால் எவர் நின்று பூசுவார்? வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டுக் கவனத்தை இனாமாகக் கேட்பது நியாயமா? தோட்டக்காரர்கள் பூச்சுக்கும் தனிக் கூலி பேசட்டும். காய்ந்த கட்டைகளை அப்புறப்படுத்தவும் ஆள் வேண்டும். அதுவும் கூலி வேலைதான்.