உதிரிப் பாகங்கள் பிடித்த நியூட்ரினோ

துகள் மோதுவிகளில் நியூட்ரினோக்கள் கணக்கின்றிப் பிறந்துகொண்டுதான் இருந்தன. ஆனால், மின்னூட்டம் இல்லாத, எதன் மீதும் லேசில் மோதாத அவை எந்தக் கருவிக்கும் சிக்கவில்லை. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் ஃபேசர் பரிசோதனைக் குழு, 153 நியூட்ரினோ மோதல்களை நேரடியாகப் பதிவுசெய்துவிட்டதாக 2023 மார்ச்சில் அறிவித்தது. மோதுவி நியூட்ரினோக்கள் ஐயத்துக்கு இடமின்றிப் பிடிபட்டது அதுவே முதல் முறை.

பிடித்தது, அந்த ஆய்வகத்தின் பெரிய மோதுவியிலுள்ள, 46 மீட்டர் நீளமும் 7,000 டன் எடையும் கொண்ட அட்லஸ் கருவி அல்ல. அங்கிருந்து 480 மீட்டர் தள்ளி, பழைய எல்இபி முடுக்கியின் காலத்துப் பக்கச் சுரங்கத்தில் அடங்கிவிட்ட சில மீட்டர் நீளக் கருவி! அதன் சிலிக்கான் உணரிகள் அட்லஸுக்காகச் செய்யப்பட்டு, உதிரியாக இருப்பில் கிடந்தவை. ஆற்றலை அளக்கும் பாகமும் எல்எச்சிபி பரிசோதனையின் உதிரிதான்.

அந்தச் சிலிக்கான் தகட்டில், 80 மைக்ரான் இடைவெளியில் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள் ஓடுகின்றன. மின்னூட்டமுள்ள துகள் ஒன்று தகட்டைத் துளைத்துச் சென்றால், அருகிலுள்ள கோட்டில் மின்துடிப்பு எழும். எதிர்ப்பக்கக் கோடுகள் சற்றே சாய்வாக இருப்பதால், துகள் கடந்த புள்ளியும் தெரிந்துவிடும்.

நியூட்ரினோ நேரடியாக எந்தத் தடமும் பதிக்காது. எனவே, முதலில் மின்னூட்டமுள்ள துகள்களைக் கண்டுகொள்ளும் ஒரு காவல் உணரி, அடுத்து 1.1 டன் டங்ஸ்டன். அதன் பிறகு சிலிக்கான் அடுக்குகள். காவல் உணரியில் சலனமே இல்லை. ஆனால், சிலிக்கானில் மின்னூட்டமுள்ள மியூவான் என்ற அதிவேகத் துகளின் தடம் தெரிகிறது என்றால், டங்ஸ்டனுக்குள் ஒரு நியூட்ரினோ மோதியிருக்கிறது என்று பொருள்.

பெரிய மோதுவி இல்லாமல் இந்த நியூட்ரினோக்களே இல்லை என்பது உண்மை. ஃபேசர் போன்ற சிறு கருவிகள் இல்லாவிட்டால் அவை இன்னும் நழுவிக்கொண்டுதான் இருந்திருக்கும் என்பதும் அதே அளவுக்கு உண்மை. எனவே, சிறு பரிசோதனைகளைப் பெரும் திட்டங்களுக்குப் போட்டியாகப் பார்ப்பது தவறு. போட்ட முதலீட்டின் பலனைப் பெருக்குபவை அவை.

ஃபேசருக்கு ஹெய்சிங்-சைமன்ஸ், சைமன்ஸ் ஆகிய தனியார் அறக்கட்டளைகள் கைகொடுத்தன. எல்லாச் சிறு குழுக்களுக்கும் அந்த வாய்ப்பு அமையாது. அட்லஸின் உட்பகுதி முழுக்கப் புதிய சிலிக்கான் உணரிகளுக்கு மாறவிருக்கும் நேரம் இது. அதில் மிஞ்சும் தகடுகளைச் சிறு குழுக்கள் கேட்டுப் பெறும் வழிமுறையையும், அவற்றை நிறுவச் சுரங்கத்தில் ஓர் இடத்தையும், ஒரு சிறு நிதியையும் ஆய்வகங்கள் இப்போதே திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும்.