எஸ்ஃபிர் ஷூப்பின் மேஜை

இந்த வாரமும் ஒரு படத்தைச் சுருக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வெளியான படம். ஞாயிறு மாலையே, நீளம் குறைத்த பிரதிதான் இனி ஓடும் என்று அறிவிப்பு வந்துவிட்டது. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. 2024இல் 'இந்தியன் 2', 'கங்குவா' இரண்டிலும் வெளியான பிறகு ஏறக்குறைய 12 நிமிடங்களை வெட்டியது பலருக்கு நினைவிருக்கும். விமர்சனங்களில் 'லேக்' என்ற சொல் நாலு இடத்தில் தென்பட்டால் போதும், எடிட்டிங் அறைக்குப் போன் போய்விடுகிறது. எந்தக் காட்சி, ஏன் என்ற பேச்சே கிடையாது. எத்தனை நிமிடம் என்பது மட்டும்தான் கேள்வி.

உடனே கிளம்பும் அடுத்த வசனம், "எடிட்டர் என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?" அவர் பெயரைக் கடைசிவரை உட்கார்ந்து பார்க்காத கூட்டம் கேட்கிற கேள்வி இது. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, ஓடும் பெயர்களைப் பாதியில் நிறுத்தும் திரையரங்குகளைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அவர்கள் நிறுத்தும்வரை நானும் எழுதத்தான் போகிறேன். உதவி எடிட்டர்களின் பெயர்கள் எங்கோ கடைசியில்தான் வருகின்றன. எங்கள் சீனியர் அக்கா ஒருவருடைய பெயர் முதன்முதலாகத் திரையில் வரவிருந்த நாளில், அவருடைய அம்மா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். பெயர் வருவதற்குள் கதவைத் திறந்து துடைப்பத்தோடு ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். படம் நின்றது. "உன் பேரு எப்போம்மா வரும்?" என்று அந்த அம்மா கேட்டார். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

எடிட்டிங் படிக்கிறவளுக்கு இந்தப் பன்னிரண்டு நிமிடச் சமாச்சாரம் வெறும் வியாபாரச் செய்தி இல்லை. ஒரு ஷாட்டை எடுத்துவிட்டால் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவையும் வேறாகிவிடுகின்றன. இதை வகுப்பில் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு பயிற்சி உண்டு. ஒரே காட்சியின் ரஷஸை எல்லோருக்கும் கொடுத்துத் தனித்தனியாக வெட்டச் சொல்வார்கள். எங்களுக்குக் கிடைத்தது, மருத்துவமனை வராந்தாவில் ஒரு பெண் காத்திருக்கும் காட்சி. திரையிட்டுப் பார்த்தபோது ஒருத்தன் வெட்டியதில் அவள் கணவனுக்காக அழுதாள். இன்னொருத்தி வெட்டியதில் அவன் செத்தால் தேவலை என்று உட்கார்ந்திருந்தாள். நடித்தவரும் அவர்தான், முகமும் அதேதான். என்னுடையதைப் பார்த்த ஆசிரியர், "அவ திரும்புறதுக்கு நாலு ஃபிரேம் முன்னாடி வெட்டிப் பாரும்மா" என்றார். வெட்டினேன். அவள் கண்ணில் பயம் வந்தது.

இந்தப் பயிற்சிக்கு ஒரு பூர்வகதை இருக்கிறது. 1919இல் மாஸ்கோவில் அரசுத் திரைப்படப் பள்ளி தொடங்கியது. உள்நாட்டுப் போர்க்காலம். கச்சா ஃபிலிம் கிடைக்காது. அங்கே பாடம் எடுத்த லெவ் குலெஷோவுக்கே இருபது வயதுதான். ஃபிலிம் இல்லாவிட்டால் என்ன என்று, கேமரா இருப்பதாக வைத்துக்கொண்டு ஷாட் ஷாட்டாக மேடையில் நடிக்கவைத்தார். கைக்குக் கிடைத்த பழைய படங்களைத் துண்டுபோட்டு ஒட்டினார். ஜார் காலத்து நட்சத்திரம் மொஸ்ஜூகினுடைய சலனமற்ற முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்கும், பிணத்துக்கும், விளையாடும் குழந்தைக்கும் பக்கத்தில் ஒட்டியதும், பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் பாசத்தையும் கண்டதும் எல்லாத் திரைப்படப் பள்ளிகளிலும் முதல் வாரத்தில் சொல்லப்படும் கதை. அந்தத் துண்டு இன்று நம்மிடம் இல்லை. அவருடைய மாணவர் புதோவ்கின் எழுதிவைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது.

குலெஷோவைக் கொண்டாடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எங்கள் பாடத்திட்டம் அவரோடு நின்றுவிட்டு நேராக ஐசன்ஸ்டீனுக்குத் தாவுகிறது. நடுவில் ஒரு மேஜை விட்டுப்போகிறது. அந்த மேஜையை எனக்குக் காட்டியது ஜே லேடா எழுதிய 'கினோ'. 1933இல் அமெரிக்காவிலிருந்து மாஸ்கோவுக்குப் போய் ஐசன்ஸ்டீனிடம் மாணவராக இருந்தவர் லேடா. ரஷ்ய சினிமாவின் வரலாறாக அவர் 1960இல் வெளியிட்ட அந்தப் புத்தகத்தை இந்தப் பத்தியில் நான் எத்தனை முறை சிபாரிசு செய்திருக்கிறேன் என்பது தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். இன்னும் வாங்காதவர்கள் இருந்தால் வாங்கிவிடுங்கள்.

எஸ்ஃபிர் ஷூப் 1894இல் பிறந்தவர். 1922இல் அரசுத் திரைப்பட நிறுவனமான கோஸ்கினோவில் வேலைக்குச் சேர்ந்தார். வெளிநாட்டுப் படங்களை சோவியத் பார்வையாளர்களுக்கு ஏற்றபடி வெட்டி, இடைத்தலைப்புகளை மாற்றி எழுதுவது அவர் வேலை. நாள்தோறும் அடுத்தவர் படத்தைப் பிரித்துப் பிரித்தே எடிட்டிங்கைக் கற்றுக்கொண்டார். ஃபிரிட்ஸ் லாங்கின் 'டாக்டர் மபூஸ்' இரண்டு பாகமாக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படம். 1924இல் அதை ஷூப் சுருக்கி, 'பொன்முலாம் பூசிய அழுகல்' என்ற பெயரில் வேறு படமாக்கியபோது பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர் ஐசன்ஸ்டீன். அப்போது அவர் முழுநீளப் படம் எதையும் வெளியிட்டிருக்கவில்லை. 'வேலைநிறுத்தம்', 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' எல்லாம் அதற்குப் பிறகுதான். உலகமே வியந்த அந்தக் கைக்கு ஒரு பெண் தன் மேஜையில் இடம் கொடுத்திருக்கிறார். இதை எந்த வகுப்பிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஷூப்பின் பெரிய காரியம் 1926இல் தொடங்கியது. பழைய செய்திப்படச் சுருள்களைத் தேடி லெனின்கிராட் போனார். அவை ஈரம் கசியும் நிலவறையில் கிடந்தன. இரண்டு மாதத்தில் 60,000 மீட்டர் ஃபிலிமைப் பார்த்தார். அன்றைய வேகத்தில் இடைவிடாமல் ஓட்டினால் ஏறக்குறைய இரண்டு நாள், இரவு பகலாக ஓடும். அதிலிருந்து 5,200 மீட்டரைப் பொறுக்கி மாஸ்கோவுக்குக் கொண்டுவந்தார். ஜார் குடும்பத்துக்காக எடுத்த காட்சிகளும் அவர் கையில் கிடைத்தன. 1927இல் வெளிவந்த 'ரோமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி' இப்படி உருவானது. கப்பல் தளத்தில் சீமான்களும் சீமாட்டிகளும் வேர்க்க வேர்க்க ஆடுகிறார்கள், வேர்வையைத் துடைத்துக்கொள்கிறார்கள். கட். பள்ளம் வெட்டும் குடியானவர்கள் வேர்வையைத் துடைக்கிறார்கள். ஆட்டத்தைப் படம்பிடித்தவர் அவர்களைக் குறை சொல்லப் பிடிக்கவில்லை. குற்றச்சாட்டு அந்த வெட்டில் பிறக்கிறது. படத்தை ஷூப்பின் சொந்தப் படைப்பாக ஏற்கத் திரைப்பட நிறுவனத்தின் நிர்வாகம் மறுத்தது, கவிஞர் மாயகோவ்ஸ்கி அவருக்காகப் பொதுமேடையில் வாதாட வேண்டியிருந்தது.

இதை விடுதியில் சொன்னபோது ஒரு தோழி மடக்கினாள். "லாங்கைக் கேட்டா வெட்டினாங்க? அதுக்கு மட்டும் கைதட்டுறே, இங்கே தயாரிப்பாளர் வெட்டினா கோபப்படுறே?" சரியான கேள்வி. லாங்குக்கு நடந்தது அநியாயம்தான், அரசு சொல்லி வெட்டியதால் அது நியாயமாகிவிடாது. ஆனாலும் ஷூப் ஒவ்வொரு ஷாட்டையும் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை வைத்தார் என்ற வித்தியாசத்தை என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. கணக்குக்கு நிமிடம் குறைக்கிறவர் அப்படிப் பார்ப்பதே இல்லை.

ஷூப்பைப் படித்ததிலிருந்து நானும் ராத்திரிகளில் அதே வேலையைச் செய்கிறேன். ஒரு படத்தை டைம்லைனில் போட்டு, அதில் உள்ள ஒவ்வொரு கட்டிலும் வெட்டி, ஷாட்டுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறேன். இப்போது மேஜையில் இருப்பது 1988இல் வந்த 'வீடு'. பாலுமகேந்திரா எழுதி, இயக்கி, ஒளிப்பதிவு செய்து, தானே எடிட்டும் செய்த படம். கிழவராக நடிக்கும் சொக்கலிங்க பாகவதர், பாதி கட்டி நிற்கும் வீட்டைப் பார்க்க வருகிறாரே, அந்தக் காட்சி. கதையில் புதிதாக ஒன்றும் நடப்பதில்லை. கிழவர் சுற்றிப் பார்க்கிறார், சுவரைத் தொடுகிறார், பூரிக்கிறார். இன்று வெளியாகியிருந்தால் திங்கட்கிழமைக்குள் காணாமல்போகும் முதல் காட்சி இதுவாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிய வேண்டியிருந்ததால் அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வீட்டைப் பார்த்துத் திரும்பும் வழியில் அவர் இறப்பது வெறும் தகவலாகிப்போனது. யாரோ ஒரு முதியவர் போய்விட்டார், அவ்வளவுதான். திரும்ப வைத்தேன். அந்த வீடு கைக்கு வராமல் போவதன் வலி மொத்தமும், அவர் சுவரைத் தொட்ட அந்த ஷாட்டிலிருந்து புறப்பட்டு வருகிறது.

ஷூப்பின் ரோமானோவ் படத்தை வகுப்பில் திரையிடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டேன். வியாழக்கிழமை போடுவதாகச் சொல்லிவிட்டார். மௌனப்படம் என்பதால் பின்னணிக்கு ஏதாவது இசை சேர்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் சார், வெட்டு மட்டும் தெரியட்டும் என்றேன்.