நூறாவது நாளுக்கும் ஒரு விழா வேண்டும்

எமது பாடசாலைகளில் சிறு பிள்ளைகளுக்காகத் தவறாமல் இரண்டு விழாக்கள் நடக்கின்றன. ஒன்று, தரம் ஒன்றுக்கு வருபவர்களை வரவேற்கும் கால்கோள் விழா. மற்றது, தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களுக்கு மாலை போடும் பாராட்டு விழா. முதலாவது விழாவின்போது பிள்ளை இன்னும் எதையும் செய்திருக்கவில்லை. இரண்டாவதில் வகுப்பின் பெரும்பாலானோர் கீழே இருந்து கைதட்டுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கடக்கும் ஒரு மைல்கல்லுக்கு எம்மிடம் விழாவே இல்லை. தரம் ஒன்றின் நூறாவது நாளை அத்தகைய விழாவாக்கலாம் என்பது எனது கருத்து.

இது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவின் பல ஆரம்பப் பாடசாலைகளில் நூறாவது நாளன்று பிள்ளைகள் நூறு பொத்தான்களையோ நூறு விதைகளையோ எண்ணிக் கொண்டு வருவார்கள். எமது பாடசாலை ஆண்டு ஏறத்தாழ 200 நாட்கள். ஆகவே நூறாவது நாள் என்பது பாதி வழி. ரமழான் விடுமுறை காரணமாக முஸ்லிம் பாடசாலைகளில் அந்த நாள் வேறொரு திகதியில் வரும். அதனால் என்ன? ஒவ்வொரு வகுப்பும் தன் நாட்களைத் தானே எண்ணட்டும்.

எண்ணுவதற்குப் பணம் வேண்டியதில்லை. முதல் நாளிலிருந்து தினமும் காலையில் ஒரு பிள்ளை ஒரு தேயிலை விதையைப் போத்தலில் போடட்டும். பத்து சேர்ந்ததும் அவற்றை ஒரு சிறு பொதியாகக் கட்டலாம். பத்துப் பொதிகள் சேரும்போது, கரும்பலகையில் எழுதிக் காட்டாமலே நூறு என்பது பிள்ளையின் கைக்குத் தெரிந்துவிடும். விழா நாளன்று வாயிலிலிருந்து நூறு அடி நடந்து எங்கே போய்ச் சேர்கிறோம் என்று பார்க்கலாம். தோட்டப் பாடசாலையில் அது பிரட்டுக் களமாக இருக்கலாம். பதுளை நகரில் ஒரு கடை வாசலாக இருக்கலாம். 1999இல் நாடெங்கும் அமுலான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்றையும் கற்கும் வழிகளாகவே வைத்தது. எனவே இதனால் பாட நேரம் வீணாகும் என்பது சரியல்ல. இதுவும் பாடமே.

ஒரு விடயத்தில் மட்டும் கவனம் தேவை. எண்ண வேண்டியது வகுப்பின் நாட்களையே, பிள்ளையின் வரவை அல்ல. மழையில் பாதை அடைபட்டதால் வராத பிள்ளையும், காய்ச்சலில் படுத்த பிள்ளையும் அந்த நூறில் பங்காளிகளே.

விழா என்றதும் வாடகை உடை, ஒலிபெருக்கி, புகைப்படக்காரர், பிரதம அதிதி என்று பட்டியல் நீள்வதை நாம் அறிவோம். முன்பள்ளிச் சிறுவர்களுக்குக்கூடப் பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் அணிவிக்கப்படுகின்றன. பெற்றோர் மகிழ்ச்சியோடுதான் செலவிடுகிறார்கள் என்பார்கள். எல்லாப் பெற்றோருமா? 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. கொழுந்து பறிக்கும் தாய் விழாவுக்கு வந்தால் அன்றைய பெயர் விழாது. வராவிட்டால் மேடையில் நிற்கும் பிள்ளை கூட்டத்தில் அவள் முகத்தைத் தேடும். வகுப்பறைக்குள் நடக்கும் விழாவில் எந்தப் பிள்ளையும் அப்படித் தேட வேண்டியதில்லை. அன்று மாலை பிள்ளையே பத்து விதைப் பொதியொன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணிக் காட்டட்டும்.

கூடவே ஒரு கேள்வியும் போகட்டும்: "நீங்கள் எத்தனை நாள் பள்ளிக்கூடம் போனீர்கள்?" 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகங்களிடமே இருந்தன. 1970களில்தான் அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. லயங்களில் வாழும் பாட்டிமார் பலருக்கு நூறு நாள் தொடர்ச்சியாகப் பள்ளிக்கூடம் என்பது கிடைத்ததே இல்லை. எமது வீடுகளிலும் சிறு வயதிலேயே படிப்பு நிறுத்தப்பட்ட மூத்தம்மாமார் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு ஆறு வயதுப் பிள்ளை "எனக்கு நூறு நாள் முடிந்தது" என்று சொல்வது சின்ன விடயமா?

சிறிதாயினும் விடாமல் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று நபி (ஸல்) அவர்கள் எமக்குக் கற்றுத் தந்தார்கள். தினமும் சப்பாத்து அணிந்து, புத்தகப் பையைச் சுமந்து, மலைப் பாதையில் நடந்து வருவதும் விடாமல் செய்யப்படும் ஒரு காரியம்தான். வெட்டுப்புள்ளி அதை அளப்பதில்லை.

உயர்தர மாணவியராகிய எம்மில் பலர் நாளை ஆசிரியைகளாவோம், இன்ஷா அல்லாஹ். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வகுப்பாசிரியையின் அனுமதியோடு, அருகிலுள்ள ஆரம்ப வகுப்பொன்றுக்கு ஒரு வெற்றுப் போத்தலை நாமே கொண்டுபோய்க் கொடுக்கலாம். முதல் விதையைப் போடப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.