நீளம் கூட்டினால் முதலிடமா?

"கூகுள் தேடலின் முதல் பத்து முடிவுகளை அலசு, அதே துணைத்தலைப்புகளில் இன்னும் நீளமாக எழுது, மேலே வந்துவிடுவாய்" என்கிறார்கள். தவறு.

1. ஜெயித்தவற்றை மட்டும் பார்த்துக் காரணம் சொல்லலாமா? ஐந்தாம் பக்கத்திலும் நீளக் கட்டுரைகள் கிடக்கின்றனவே!

2. விருப்பமான சொல் எண்ணிக்கை எதுவும் இல்லை என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எழுதியிருக்கிறது.

3. 1998இல் கூகுளின் பேஜ்ரேங்க் என்ற தரவரிசை முறை வந்ததிலிருந்தே பிற தளங்கள் தரும் இணைப்புகளுக்கு மதிப்பு உண்டு. துணைத்தலைப்பை நகலெடுத்தால் அவையும் கூடவே வருமா?

தேடுபவருக்கும் நீளம் எப்போதும் உதவாது. "தோசை கல்லில் ஒட்டுகிறது" என்று தேடுபவர் அடுப்பை எரியவிட்டு நிற்கிறார். அவருக்குத் தோசையின் வரலாறு எதற்கு? கல்லின் சூடு, எண்ணெய், பாதி வெங்காயத்தால் ஒரு தேய்ப்பு, இவ்வளவுதான் வேண்டும். முடிவுகளை அலசுங்கள், தாராளமாக. ஆனால் அந்தப் பத்தும் அவருக்கு எதைச் சொல்லாமல் விட்டன என்று தேடுங்கள்.