களிம்பும் ஒரு பாடமே

பழங்காசுகளைச் சேர்ப்பவர்களிடம் இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கக் காண்கிறோம். பளபளப்பாக இருந்தால்தான் காசுக்கு மதிப்பு என்பது ஒன்று. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் இட்டுவிட்டால் காசு பத்திரமாகிவிட்டது என்பது மற்றொன்று. மண்ணுக்கடியில் ஈராயிரம் ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஒரு காசை இருபது ஆண்டுகளுக்குள் உருக்குலைக்க இவ்விரு நம்பிக்கைகளும் போதும். இது காசு சேர்ப்போரின் தனிக்கவலை என்று இலக்கிய வாசகர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது என்பதே நம் கருத்து.

ஏனெனில் காசும் ஒரு நூல்தான். பெருவழுதி என்ற பெயர் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்ட பாண்டியர் செப்புக்காசையும், மாக்கோதை என்ற பெயருடைய சேரர் வெள்ளிக்காசையும் எண்ணிப் பாருங்கள். வழுதி, கோதை என்று சங்கப் பாடல்களில் படித்த பெயர்கள், ஏடெழுதுவோர் கைபடாமல், அக்காலத்து அச்சிலிருந்தே நமக்குக் கிடைக்கின்றன. சங்ககாலக் காசுகளைத் தேடி ஆராய்ந்து வெளியிட்ட இரா. கிருஷ்ணமூர்த்தி (மறைவு 2021) போன்றோரின் உழைப்பால் இச்செல்வம் நமக்குத் தெரியவந்தது. இவற்றுள் பல வைகை, அமராவதி ஆற்றுமணலில் கிடைத்து, வணிகர் வழியாகத் தனியார் கைக்கு வந்தவை. அப்படியானால் இந்நூல்களின் காப்பகம் அருங்காட்சியகம் மட்டுமன்று. ஆர்வலர் வீட்டு அலமாரியும்தான். அந்த அலமாரிக்குள் என்ன நடக்கிறது?

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நாணய ஆல்பங்களின் மென்மையான தாள்கள் பலவும் பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடால் ஆனவை. இயல்பில் விறைப்பான இப்பொருளை வளையச் செய்வதற்காக எண்ணெய் போன்ற நெகிழ்வூட்டிகளைச் சேர்க்கிறார்கள். நாளடைவில் அந்த எண்ணெய் கசிந்து காசின்மேல் படிகிறது. வெப்பத்திலும் வெளிச்சத்திலும் பிளாஸ்டிக்கே சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளிவிடுகிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். செம்பு கலந்த காசில் பச்சை நிறப் பிசுபிசுப்பாக முதலில் தோன்றுவது இதுவே. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் தூய அசிட்டோனில் நனைத்து அகற்றிவிடலாம். உலோகத்தை அரித்துக் குழி பறித்துவிட்ட பிறகு எந்தக் கரைசலாலும் பயனில்லை. எழுத்து போனது போனதுதான்.

உறை எத்தகையது என்றறிய வழியுண்டு. புது மழைக்கோட்டின் நெடி அடித்தால் ஐயப்படுங்கள். உறையின் ஓரத்துண்டு ஒன்றை வெட்டிக்கொண்டு, செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி அதில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டினால் பச்சைச் சுடர் எழுமாயின் அதில் குளோரின் இருக்கிறது. காற்றோட்டமான வெளியிடத்தில், காசை அப்பால் வைத்துவிட்டுச் செய்ய வேண்டிய சோதனை இது. மைலார் எனப்படும் பாலியெஸ்டர், பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் ஆகியவற்றால் ஆன உறைகளில் இத்தீங்கு இல்லை. மைலார் சற்று விறைப்பானது; காசைத் தேய்க்காமல் இடவேண்டும்.

வெள்ளியின் கதை வேறு. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் அதன்மேல் வெள்ளி சல்பைடு படலம் படிகிறது. ரப்பர் வளையம், கம்பளித்துணி, மலிவான அட்டை ஆகியவை இக்கந்தகத்தை அருகிலேயே கொண்டுவந்து கொடுப்பவை. படலம் தடிக்கத் தடிக்கப் பொன்மஞ்சள், செந்நிறம், நீலம் என்று மாறிக் கடைசியில் கறுப்பாகும். நீரில் மிதக்கும் எண்ணெய் வானவில் காட்டுவது எந்த ஒளிவிதியாலோ, அதே விதிதான் இங்கும். அமெரிக்காவில் 1878 முதல் அச்சான மார்கன் டாலர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டப்பட்டுக் கருவூலங்களில் கிடந்தன. பைத்துணியை ஒட்டிக் கிடந்த சில காசுகள் வானவில் நிறம் கொண்டன. இன்று அவற்றுக்குத் தனி விலை. விலை வந்ததும் வேதிப்பொருளால் செயற்கையாக நிறமேற்றும் கலையும் வந்துவிட்டது! 1980களின் நடுவில் அந்நாட்டில் தோன்றிய தரச்சான்று நிறுவனங்கள், காசைக் கெட்டிப் பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தருவதோடு, இயற்கை நிறமா பூசிய நிறமா என்றும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று.

செம்புக்கு வருவோம். செம்பில் களிம்பு உடன்பிறந்தது என்பது சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை. அங்கே களிம்பு நீங்குவதே வீடுபேறு. காசியலிலோ நிலை தலைகீழ். நூற்றாண்டுகளாய்ப் படிந்து கெட்டிப்பட்ட கரும்பச்சைக் களிம்பே உள்ளிருக்கும் உலோகத்துக்குக் கவசம். பல சமயங்களில் எழுத்தின் விளிம்பே அந்தப் படலத்தில்தான் நிற்கிறது. புளியும் எலுமிச்சையும் திருநீறும் கொண்டு துலக்குகிறவர் கவசத்தோடு எழுத்தையும் சேர்த்தே துலக்கிவிடுகிறார்.

எல்லாப் பச்சையும் கவசம் அன்று. வெளிர்பச்சையாக, மாவு போல உதிர்ந்தால் அது 'வெண்கல நோய்'. செம்பில் தங்கிய குளோரைடு, ஈரத்தோடும் காற்றோடும் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்க, அவ்வமிலம் மேலும் செம்பைத் தின்ன, சக்கரம் போலச் சுழலும் நோய் இது. காற்றின் ஈரப்பதம் சுமார் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் இச்சக்கரம் பெரும்பாலும் நின்றுவிடும். சென்னை போன்ற கடலோர ஊரில் அது தானாக அமைவதில்லை. இறுக மூடும் டப்பாவும், அவ்வப்போது மாற்றும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வேண்டும். நோயுற்ற காசைப் பிரித்து வைத்து, அருங்காட்சியக வேதியியலாரிடம் காட்ட வேண்டும்.

தமிழ் படித்தோர்க்கு இதில் புதிதொன்றும் இல்லை. ஏட்டில் உள்ள பாடம் தனக்கு விளங்கவில்லை என்பதற்காக, குறிப்பின்றித் திருத்தி அச்சிடும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லை. பாடபேதங்களைப் பதிவு செய்தமைக்காகவே உ.வே.சா.வை வணங்குகிறோம். காசைத் துலக்குகிறவரும் குறிப்பின்றித் திருத்துகிற பதிப்பாசிரியரே. அவர் அழிப்பது கறையையா எழுத்தையா என்பதைப் பின்வருவோர் சரிபார்க்க மூல ஏடும் எஞ்சாது. தவறான உறையோ கேட்பாரின்றித் தானே திருத்திக்கொண்டிருக்கும் பதிப்பாசிரியர்.

'என் காசு, என் விருப்பம். அழகாக இருந்தால் போதும்' என்பாரும் உளர். நேற்று அச்சான காசைப் பற்றி அப்படிச் சொன்னால் நாம் வாதிட மாட்டோம். ஒரு பெயரை ஈராயிரம் ஆண்டு சுமந்து வந்த காசுக்கு அவர் உரிமையாளர் என்பதைவிடக் காவலர் என்பதே பொருந்தும். காவலரிடம் நாம் கேட்பது மிகக் குறைவு: விளிம்பைப் பிடித்துத் தொடுங்கள், துலக்காதீர்கள், உறையை மாற்றுங்கள், இன்றைய நிலையைப் படமெடுத்து வையுங்கள். காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. அந்தச் சொல்லுக்கேற்ப நடந்துகொள்வது சேகரிப்போர் கடன்.